ஷா அப்துல் லத்தீஃபை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

சிந்தி மொழியின் பெருங்கவி ஷா அப்துல் லத்தீஃப் பிட்டாயியைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் 'மத நல்லிணக்கம் பாடிய சூஃபி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பொய்யில்லை. இளமையில் யோகிகளோடு ஊர் ஊராக அலைந்தவர். தன் பாடல் தொகுப்பில் ராம்கலி என்ற பகுதியில் அந்த யோகிகளைத்தான் உருகிப் பாடுகிறார். ஆனாலும் இந்தப் புகழ்ச்சி அவரைச் சுருக்கிவிடுகிறது என்பேன்.

இறைவனைத் தேடும் உயிரின் குரலை அவர் (1689–1752) பெண்களிடம் கொடுத்தார். 'ஷா ஜோ ரிசாலோ' என்ற அந்தத் தொகுப்பு முழுக்க சசுயி, சோனி, மூமல், மாருயி என்று சிந்து மக்கள் வழிவழியாகக் கேட்டு வளர்ந்த கதைகளின் நாயகிகள். கேட்பவர்களுக்குக் கதை தெரியும் என்பதால் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். காதலனிடம் நீந்திப்போகும் சோனி வரும்போதே, கரைந்துபோகும் சுடாத பானையோடு ஆற்றின் நடுவில் தத்தளிக்கிறாள். கணவன் புன்ஹூவைத் தேடி மலைகளில் ஒற்றையாய் நடக்கும் சசுயிக்கு மட்டும் ஐந்து பகுதிகள்!

எனக்கு நெருக்கமானவள் மாருயி. உமர்கோட் அரசன் உமர் அவளைத் தூக்கிப்போய்ப் பட்டும் பொன்னும் நீட்டுகிறான். தன் ஊரான மலீரின் சனங்கள் போர்த்தும் முரட்டுக் கம்பளிதான் வேண்டும் என்கிறாள். ஆன்மா தன் பிறப்பிடத்துக்கு ஏங்குகிறது என்று உரை சொல்வார்கள். சரி. ஆனால் அதற்கும் முன்னால், ஓர் ஏழைப் பெண் அரசனின் முகத்துக்கு நேரே சொன்ன 'முடியாது' அது. அதை விட்டுவிட்டுத் தத்துவம் பேசினால் கவிதை செத்துப்போகும்.

ராட்டை சுற்றும் பெண்களுக்கும் ஒரு பகுதி உண்டு. நெஞ்சில் அன்பு வைத்து நூற்றவளின் நூலை வியாபாரிகள் நிறுக்காமலே வாங்கிக்கொள்வார்களாம். பாரசீகம்தான் படித்தவர் மொழி என்றிருந்த காலத்தில், இதையெல்லாம் அந்தப் பெண்கள் பேசிய சிந்தியிலேயே பாடினார்.

தன் பாடல்களை அவரே ஏரியில் வீசிவிட்டதாகவும், மாயி நியாமத் என்ற பெண்ணின் நினைவிலிருந்து அவை மீண்டதாகவும் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அவர் கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள பிட் ஷா என்ற ஊரில், அவர் அடக்கத்தலத்தில் ஃபக்கீர்கள் இன்றும் தம்பூரோ என்ற தந்திக்கருவியை மீட்டிப் பாடுகிறார்கள். ஆண்கள்தான், ஆனால் குரலைப் பெண் குரல்போல் உச்சத்துக்கு ஏற்றி.

1866இல் ஜெர்மானியரான எர்னஸ்ட் ட்ரம்ப் ரிசாலோவை லைப்சிக்கில் அச்சிட்டார். பின்பு அரிய உரையோடு பதிப்பித்தவர் குர்பக்ஸானி, ஓர் இந்து. 1947இல் மண்ணை இழந்து இந்தியா வந்த சிந்திகளுக்கும் லத்தீஃப்தான் மகாகவி.

புதிதாக வருபவர்கள் மாருயியிலிருந்து தொடங்குங்கள். பாகிஸ்தானின் சூஃபி பாடகி ஆபிதா பர்வீன் பாடிய லத்தீஃப் பாடல்கள் இணையத்தில் இருக்கின்றன. பொருள் புரியாவிட்டாலும் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.