இரண்டாவது ஆள் எங்கே?

நர்சிங் மாணவிகள் உறுதிமொழி எடுக்கும் விளக்கேற்றும் விழா வீடியோவைப் பார்த்துக் கொதித்துப்போய் ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். 'யாரெல்லாம் கிராமத்துக்கு வேலைக்குப் போவீங்க?' என்று சிறப்பு விருந்தினர் கேட்டாராம், நாலைந்து கைதான் உயர்ந்ததாம். உடனே 'சேவை மனப்பான்மை செத்துப்போச்சு' என்று தீர்ப்பு. விருந்தினரோ பேசி முடித்து ஏசி காரில் ஏறிப் போய்விட்டார். சந்தோஷம்.

நர்சிங் பிள்ளைகளுக்குக் கிராமத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை. பலருக்கு அதுதான் சொந்த ஊர். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: நைட் டியூட்டியில் கூட இன்னொரு நர்ஸ் இருப்பாரா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவம் என்று வையுங்கள். குழந்தை வெளியே வந்ததும் வயிற்றில் இன்னொன்று இல்லை என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷத்துக்குள் தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட வேண்டும். அதே ஒரு நிமிஷத்துக்குள், அழாத குழந்தையைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, அப்படியும் மூச்சு வராவிட்டால், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் வைத்து நிமிஷத்துக்கு 40 முதல் 60 தடவை அமுக்க வேண்டும். கையை எடுத்தால் குழந்தை போச்சு. இந்தப் பக்கம் நஞ்சுக்கொடி விழுந்தும் கர்ப்பப்பை இறுகாமல் கொழகொழவென்று கிடந்தால், அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் ரத்தம் கொட்டித் தாய் போச்சு. குழந்தைக்கென்றே தனியாக ஒருவர் நிற்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது நர்சிங் ஆசிரியர்களான நாங்கள்தான். சொன்னதைக் கை தூக்காத அந்தப் பெண் நம்பிவிட்டாள், அது குற்றமா?

வலிப்பு வந்த கர்ப்பிணியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி 10 கிராம் போட வேண்டும். ஆம்பூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் ஒரு கிராம். பத்து ஆம்பூல் உடைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து கிராம். அவள் கட்டிலிலிருந்து விழாமல் பிடித்துக்கொள்வது யார், ஆம்பூல் உடைப்பது யார்?

'டாக்டர் இருப்பாரே' என்பீர்கள். ராத்திரியில் பெரும்பாலும் அவர் போனில்தான் கிடைப்பார். 'மூணு நர்ஸ் போட்டிருக்காங்களே' என்பீர்கள். நாளுக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு 21, மூன்று பேர், ஆளுக்கு ஏழு. வார விடுமுறை எங்கே? ஒருத்தி லீவு போட்டால் மற்ற இருவருக்கும் பன்னிரண்டு மணி நேரம். இதில் இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார்?

படிக்கும்போதே கிராமத்துக்கு அனுப்பும் கம்யூனிட்டி போஸ்டிங்கில் கிராமத்தைப் பார்க்கவில்லையா என்று ஒரு கேள்வி. காலையில் கல்லூரி பஸ்ஸில் போய், வீடு வீடாக ஏறி, சார்ட்டைக் காட்டிச் சத்துணவு பற்றிப் பேசிவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்புகிற போஸ்டிங் அது. கிராமத்து ராத்திரியை நாம் அவர்களுக்குக் காட்டியதே இல்லை.

'எல்லாரும் ஃபாரின் போகத்தான் படிக்கிறாங்க.' ஆமாம், போகிறார்கள். சவுதியில் பாலைவனத்து ஊருக்குக்கூடப் போகிறார்கள். தங்க இடமும் போகவர வண்டியும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். இங்கே குவார்ட்டர்ஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அப்பா வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

டாக்டர்கள் போகவில்லையா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கஷ்டமான பகுதியில் வேலை பார்க்கும் அரசு டாக்டருக்கு மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணில் ஆண்டுக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் என்று விதியே உண்டு. தப்பில்லை, கொடுக்கட்டும். நர்ஸுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? 'தேவதை' என்ற பட்டம்.

அந்தத் தேவதைகள் 2015-இல் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்திய தேர்வெழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியவர்களும் அவர்கள்தான். அப்போது எத்தனை பேர் இப்படிப் பொங்கிப் பதிவு போட்டீர்கள்? கொரோனாவில் கைதட்டினோம், பூத்தூவினோம். அந்த நேரத்தில் வேலைக்கு எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. புத்தாண்டு அன்று அவர்கள் தெருவில் நின்றார்கள். இந்தப் பிள்ளைகள் அதையெல்லாம் போனில் பார்த்துக்கொண்டேதான் படித்தார்கள்.