கொரோனா காலக் குழந்தைகளின் ஐ.க்யூ 22 புள்ளி சரிந்ததா?

“2020க்குப் பின் பிறந்த குழந்தைகளின் ஐ.க்யூ 22 புள்ளி குறைந்துவிட்டது, இனி மீளாது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

அந்த எண் வந்தது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநில ஆய்வொன்றிலிருந்து. சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே, 2021 ஆகஸ்டில் அது வெளியானது. 672 குழந்தைகளில் 2020 ஜூலைக்குப் பின் பிறந்தவர்கள் 188 பேர்தான். முல்லன் என்ற குழந்தை வளர்ச்சிச் சோதனையில் சராசரி சுமார் 100இலிருந்து 78 ஆனது உண்மை. ஆனால் அது சோதித்த அன்றைய வளர்ச்சிநிலையைத்தான் காட்டும். கைக்குழந்தையின் மதிப்பெண்ணை வைத்து எதிர்கால அறிவுத்திறனை உறுதியாகக் கணிக்க முடியாது. சோதித்தவர்களோ முகக்கவசம் அணிந்திருந்தார்கள். வேற்றுமுகமே பார்த்துப் பழகாத பிள்ளை, வாயசைவு தெரியாதவரிடம் எப்படி ஒத்துழைக்கும்?

கணக்கும் இடிக்கிறது. சராசரி 78 என்றால் பத்தில் மூன்று குழந்தைகள், அறிவுத்திறன் குறைபாட்டின் எல்லையாகக் கருதப்படும் 70க்கும் கீழே இருக்க வேண்டும். பெரிய ஆய்வுகளில் அப்படி எதுவும் தென்படவில்லை. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைகளை ஆராய்ந்து 2024இல் வந்த ஆய்வில், தகவல்தொடர்பு மதிப்பெண் சுமார் 3% இறங்கியது, உடலியக்கத்தில் மாற்றமில்லை.

அதற்காக ‘பாதிப்பே இல்லை’ என்பதும் சரியல்ல. அயர்லாந்தில் முதல் ஊரடங்கின்போது பிறந்தவர்களில், ஒரு வயதில் பொருளுள்ள ஒரு சொல்லாவது பேசியவர்கள் 77%. முன்பு பிறந்தவர்களில் 89%. தவழ்வதில் மட்டும் ஊரடங்குக் குழந்தைகளே முந்தினார்கள்!

எந்த ஆண்டில் பிறந்த பிள்ளையானாலும், 2 வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால் “தானாகப் பேசும்” என்று காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள், பிறகு பேச்சு சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.