கை செய்ததும் வாய் சொன்னதும்

சில மாதங்களுக்கு முன் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி முதுகுவலி என்று என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, காலணியைக் கழற்றுங்கள் அம்மா என்றேன். அவர் குனியவில்லை. முதுகைப் பலகைபோல நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு காலின் பெருவிரலால் மறு காலின் குதிகால் பட்டையைத் தள்ளித் தள்ளிக் கழற்றினார். ஏன் குனியவில்லை என்று கேட்டேன். "எனக்கு எலும்பு விலகியிருக்கு டாக்டர். குனிஞ்சா மறுபடியும் நகர்ந்திடும்னு சொல்லியிருக்காங்க" என்றார். சொன்னவர் முன்பு அவருக்கு வைத்தியம் பார்த்த ஒரு சிகிச்சையாளர். சொல்லி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அன்று அவர் கையால் அழுத்திச் சரிசெய்ததும் வலி நன்றாகவே குறைந்ததாம். அந்த நிவாரணம் சில வாரங்களில் போய்விட்டது. குனியக் கூடாது என்ற பயம் மட்டும் ஆறு ஆண்டுகளாக அவரோடு இருக்கிறது.

அந்தச் சிகிச்சையாளரைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. பிசியோதெரபிஸ்டாகப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நானும் "மூட்டு லாக் ஆகியிருந்தது, எடுத்துவிட்டேன்" என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. நானும் அதை முழுமனதாக நம்பினேன். பின்னர் ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கத் தொடங்கிய பிறகுதான், கையால் செய்யும் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி நாங்கள் சொல்லிவந்த கதைக்கு ஆதாரம் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பலன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகுவலி இருந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இயலாமையோடு வாழும் ஆண்டுகளுக்கு உலக அளவில் முதற்காரணமும் அதுவே. ஆகவே இந்தத் துறையில் மிக அதிகமாக ஆராயப்பட்டிருப்பதும் முதுகுதான். நாள்பட்ட முதுகுவலிக்கு முதுகெலும்பைக் கையால் அசைத்தும் அழுத்தியும் செய்யும் சிகிச்சை குறித்து 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 9,211 பேரையும் தொகுத்து 2019இல் ஒரு மதிப்பாய்வு வெளிவந்தது. உடற்பயிற்சி முதலான பரிந்துரைக்கப்பட்ட மற்றச் சிகிச்சைகள் தரும் அளவுக்கான பலனை இதுவும் தருகிறது, வலியைக் குறைப்பதில் அவற்றைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மை இல்லை என்பதே அதன் சாரம். மூட்டுத் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலியில் கிடைத்த முடிவு இன்னும் நம்பிக்கை அளிக்கிறது: 156 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், கைவழிச் சிகிச்சையும் பயிற்சியும் சேர்ந்த இயன்முறை மருத்துவம் பெற்றவர்கள், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட ஓராண்டு முடிவில் வலியும் சிரமமும் குறைந்தவர்களாக இருந்தார்கள். ஆனால் அங்கே கையும் பயிற்சியும் அறிவுரையும் ஒன்றாகவே கொடுக்கப்பட்டன. பலனில் எது எவ்வளவு என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது.

அப்படியானால் கை என்னதான் செய்கிறது? என்னைப் பல இரவுகள் விழிக்க வைத்த கேள்வி இது.

சுவீடன் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வை ஒவ்வொரு பிசியோதெரபி மாணவரும் முதல் ஆண்டிலேயே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டு "விலகியிருப்பதாக" கைப்பரிசோதனையில் முடிவு செய்யப்பட்ட 10 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய எலும்புகளுக்குள் கடுகினும் சிறிய டாண்டலம் உலோகக் குண்டுகளைப் பதித்தார்கள். எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு அந்தக் குண்டுகளின் இடத்தை மிக நுட்பமாக அளக்க முடியும். பிறகு அனுபவமுள்ள சிகிச்சையாளர் மூட்டை அழுத்திச் சிகிச்சை அளித்தார். மறுபடியும் கைப்பரிசோதனை செய்தபோது எல்லாம் சரியாகிவிட்டதாகத் தெரிந்தது. குண்டுகளை அளந்து பார்த்தால், எலும்புகள் ஒன்றுக்கொன்று இருந்த நிலையில் எந்த மாற்றமும் இல்லை. விலகியிருந்தது என்று கண்டுபிடித்ததும் கைதான், சரியாகிவிட்டது என்று தீர்ப்பளித்ததும் கைதான். இரண்டுக்கும் இடையில் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

2003இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வேறு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. முதுகுவலியுள்ள 140 பேரில் ஒரு பகுதியினருக்குச் சிகிச்சையாளர் தம் அனுபவத்தால் தேர்ந்தெடுத்த முறையும், மறு பகுதியினருக்குக் குலுக்கலில் விழுந்த முறையும் அளிக்கப்பட்டன. இரு தரப்பினருக்கும் உடனடி வலிநிவாரணம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கிடைத்தது. எந்தக் கோணத்தில், எந்தத் திசையில் என்று பல ஆண்டுகள் பயின்று தேர்ந்தவர்களுக்கு இது கசப்பான முடிவுதான். எனக்கும் கசந்தது.

நெட்டி முறியும் ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நோயாளிகள் மிகவும் நம்புவது அந்த ஒலியைத்தான். விரல் மூட்டை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து இழுத்தபடியே படமெடுத்த கனடா ஆய்வாளர்கள் அதன் முடிவை 2015இல் வெளியிட்டார்கள். மூட்டின் இரு முகங்களும் சட்டென்று பிரியும் கணத்தில் மூட்டுத் திரவத்துக்குள் ஒரு வாயு இடைவெளி உருவாகிறது. ஒலி அந்தக் கணத்துக்கு உரியது என்று அவர்கள் காட்டினார்கள். அந்த ஒலி கேட்பதால் எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று பொருளாகாது.

எலும்பு நகரவில்லை என்றால் வலி ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு விரிவான மாதிரியை முன்வைத்தார்கள். கையின் அழுத்தம் தோலிலும் தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்நரம்புகளைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டல் தண்டுவடத்திலும் மூளையிலும் வலிச் செய்தியைத் தணிக்கும் வழிகளை இயக்குகிறது. தசையின் இறுக்கமும் சற்று நேரத்துக்குத் தளர்கிறது. இவற்றோடு, நோயாளியின் எதிர்பார்ப்பும் சிகிச்சையாளர்மீது அவர் வைத்திருக்கும் நம்பிக்கையும் அந்த மாதிரியில் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றை ஒதுக்கித் தள்ள வேண்டிய இடையூறுகளாகக் கருதாமல், பலன் உண்டாகும் வழிகளில் ஒன்றாகவே அவர்கள் கருதினார்கள்.

அதே குழுவினர் 2008இல் வெளியிட்ட ஒரு சோதனைதான் என் பேச்சையே மாற்றியது. நலமாக இருந்த 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே விதமான முதுகுச் சிகிச்சையை அளித்தார்கள். ஒரு குழுவிடம் இது வலியைக் குறைக்கும் என்றும், மற்றொன்றிடம் இது பயன் தராத முறை என்றும், மூன்றாவதிடம் சார்பில்லாமலும் சொல்லியிருந்தார்கள். எதிர்மறையாகச் சொல்லப்பட்ட குழுவினருக்கு முதுகில் வலியுணர்வு கூடியது. கை ஒன்றேதான், முன்னால் சொன்ன வாக்கியம் மட்டும் வேறு.

இந்தத் துறையின் ஆய்வுகளில் உள்ள பெரிய இடரும் இங்கேதான் இருக்கிறது. மாத்திரை என்றால் அதே நிறத்தில் ஒரு போலி மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். கைக்குப் போலி எது? சிகிச்சையாளருக்குத் தாம் செய்வது அசலா போலியா என்று தெரிந்தே இருக்கும். மென்மையாகத் தொடுவதைப் போலிச் சிகிச்சையாக வைத்தாலும் தொடுதலுக்கே ஒரு விளைவு உண்டு. பிரான்சில் 400 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்டியோபதி என்ற கைச்சிகிச்சை முறைக்கும் மென்மையான தொடுதலுக்கும் இடையே, முதுகுவலியால் அன்றாடச் செயல்களில் வரும் சிரமத்தை அளந்தபோது, மூன்று மாத முடிவில் இருந்த வேறுபாடு 100க்கு 3.4 புள்ளிகள் மட்டுமே. இதைக் காட்டிக் கைச்சிகிச்சையே வீண் என்று சிலர் தீர்ப்பு எழுதுகிறார்கள். அது அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். அசல் முறையின் தனிப்பட்ட நுட்பம் தொடுதலைவிட மிகக் கொஞ்சமே கூடுதலாகத் தருகிறது என்று சொல்லத்தான் அந்த ஆய்வு இடம் தருகிறது.

என் சக பணியாளர்கள் சிலர், நோயாளிக்கு எளிதில் புரியட்டும் என்றுதான் எலும்பு விலகல் என்று சொல்கிறோம், அதில் என்ன தீங்கு என்று கேட்கிறார்கள். தீங்கு எனக்குக் கண்ணெதிரே தெரிகிறது. உடம்பு எளிதில் கழன்றுபோகும் பொருள் என்று ஒருவரை நம்ப வைத்துவிட்டால், அவர் நடப்பதைக் குறைக்கிறார், பளு தூக்குவதை நிறுத்துகிறார், தசை வலுவிழக்கிறது, மாதந்தோறும் சரிசெய்துகொள்ள மீண்டும் வருகிறார். ஸ்கேன் அறிக்கையும் சேர்ந்துவிட்டால் அச்சம் உறுதிப்பட்டுவிடுகிறது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கில் தேய்மானம் தெரிந்தது. இந்த ஒரு தகவலைச் சொல்லிய பிறகு அறிக்கையைக் கையில் கொடுத்தால், பலரின் முகம் தளர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

(இடையில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எலும்பு முறிவு, கிருமித்தொற்று, புற்றுநோய் ஆகியவற்றால் வரும் வலியும், சிறுநீர் மலம் கட்டுப்பாட்டை இழப்பதோடு வரும் முதுகுவலியும் வேறு வகை; அவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுத்தை வெடுக்கென்று திருப்பும் முறையைத் தொடர்ந்து கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் அரிதாகவேனும் பதிவாகியிருப்பதால், அந்த முறையை நான் செய்வதில்லை.)

அந்தப் பெண்மணியின் முதுகை நான் கையால்தான் முதலில் தளர்த்தினேன். ஆனால் "உங்கள் எலும்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது அம்மா. இப்போது நான் செய்ததால் நரம்புகள் சற்று அமைதியாகியிருக்கின்றன. இந்த நேரத்தைப் பயன்படுத்திக் கொஞ்சம் குனிந்து பார்ப்போம்" என்றேன். முதல் நாள் கை முழங்கால்வரை போனது. மூன்றாம் முறை வந்தபோது கணுக்காலைத் தொட்டு, அங்கேயே நின்று, "வலிக்குது டாக்டர், ஆனா ஒண்ணும் நகரல" என்றார்.

ஓர் ஆய்வில் அளிக்கப்பட்ட சிகிச்சையை எப்படி விவரிக்க வேண்டும் என்பதற்கு 2014இல் 12 கூறுகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உருவாக்கப்பட்டது. யார் செய்தார், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பவற்றைக் கட்டுரைகளில் இப்போது ஓரளவு பார்க்க முடிகிறது. ஆனால் கட்டிலில் படுத்திருந்தவரிடம் அந்த இருபது நிமிடங்களில் என்ன சொல்லப்பட்டது என்பதை நான் படித்தவற்றில் பெரும்பாலான கட்டுரைகள் சொல்வதில்லை. ஒரே சிகிச்சையாளர்கள், ஒரே அழுத்தம், ஒரே எண்ணிக்கையிலான அமர்வுகள் என்று வைத்து, ஒரு குழுவிடம் எலும்பைச் சரிசெய்கிறோம் என்றும் மற்றதிடம் நரம்பு மண்டலத்தைத் தணிக்கிறோம் என்றும் விளக்கி, ஓராண்டு பின்தொடர்ந்து, வலிப் புள்ளியோடு அவர்கள் எவ்வளவு குனிகிறார்கள், எவ்வளவு தூக்குகிறார்கள், எத்தனை முறை சிகிச்சைக்குத் திரும்பி வருகிறார்கள் என்பதையும் அளக்கும் ஆய்வில் என் நோயாளிகளையும் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால், நாளைக்கே சம்மதிப்பேன்.