சட்டம் கம்பெனிகளுக்கு மட்டும்தானா?

ஏஐ பற்றி எந்த நாட்டு அரசியல்வாதி வாய் திறந்தாலும் ரெண்டே பல்லவிதான். மனித குலத்துக்கே ஆபத்து என்பார்கள். இல்லையென்றால், நாம் முந்தாவிட்டால் அடுத்த நாடு முந்திவிடும் என்பார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் தலைவர்கள் கூடியபோது முதலாவது ஓங்கி ஒலித்தது. 2025 பிப்ரவரியில் பாரிஸ் மாநாட்டுக்குப் போன அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ், ஏஐ பாதுகாப்பைப் பேச வரவில்லை, ஏஐ தரும் வாய்ப்புகளைப் பேசவே வந்தேன் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அரசாங்கமே இதைக் கையில் எடுத்து சொந்த மக்கள் மேல் பிரயோகிப்பதை மட்டும் யாரும் மேடையில் பேசுவதில்லை. எனக்கு இருக்கும் பெரிய பயமே அதுதான்.

2020-ல் கொரோனாவால் இங்கிலாந்தில் ஏ-லெவல் தேர்வு (நம்மூர் பிளஸ் டூ மாதிரி) நடக்கவில்லை. ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தந்தப் பள்ளியின் பழைய ரிசல்ட்டையும் சேர்த்து ஒரு அல்காரிதம் கிரேடு போட்டது. (அது இன்றைய ஏஐ கூட இல்லை, வெறும் புள்ளியியல் கணக்கு.) கிட்டத்தட்ட 40 சதவீத கிரேடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்துபோயின. வருஷா வருஷம் ரிசல்ட் சுமாராக வரும் பள்ளியில் ஒரு பிள்ளை பிரமாதமாகப் படித்திருந்தாலும், முன்னால் படித்தவர்களின் கணக்கு அதன் தலையில் விடிந்தது. பிள்ளைகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு ஆகஸ்ட் 17 அன்று வாபஸ் வாங்கினார்கள். அடுத்த சில நாட்களில் பிரதமர் போரிஸ் ஜான்சன் மாணவர்கள் முன்னால் நின்று, அல்காரிதம்தான் விகாரமாகிவிட்டது என்பதுபோல் பேசினார். மொத்த கிரேடுகள் முந்தைய ஆண்டுகளைவிட எகிறக் கூடாது என்று கேட்டுக்கொண்டதே அவருடைய அரசுதான். சொன்னதைத்தான் அது செய்தது!

நெதர்லாந்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி பிடிக்க வரித்துறை வைத்திருந்த மென்பொருள், டச்சுக் குடியுரிமை இல்லாததையும் சந்தேகத்துக்கு ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது. ஒரு பாவமும் அறியாத ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்கள் ஆனார்கள். பல்லாயிரம் யூரோவைத் திருப்பிக் கட்டு என்றார்கள், ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. 2021 ஜனவரியில் மார்க் ருட்டே அரசு கூண்டோடு ராஜினாமா செய்தது. தேர்தல் முடிந்து, மறுபடியும் அவரே பிரதமர் ஆனார்.

2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். தடை செய்ததை மீறும் கம்பெனிக்கு 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 7 சதவீதம் வரை அபராதம். உதவித்தொகை முடிவுகளில் ஏஐ வந்தால் அதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் ராணுவத்துக்கும் தேசியப் பாதுகாப்புக்கும் முழு விலக்கு. போலீஸும் குடியேற்றத் துறையும் பயன்படுத்தும் ஆபத்தான ஏஐ எல்லாம் ஒன்றியத்தின் பதிவேட்டில் ஏறும், ஆனால் அந்தப் பகுதியைப் பொதுமக்கள் பார்க்க முடியாது.

விசாரணை ரகசியம் வேண்டும் என்பது புரிகிறது. எந்தத் துறை எந்த முடிவுக்கு மெஷினை நம்புகிறது என்பதில் என்ன ரகசியம்? ஏஐ சட்டம் கொண்டுவருவேன் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். முடிவு தப்பாகப் போனால் நாம் போய் முறையிட, பெயரும் பொறுப்பும் உள்ள அதிகாரி யார் என்றும் கேளுங்கள்.