சபரி என்றால் இலந்தைப்பழம் மட்டும்தானா?

சபரி என்றதும் எல்லோருக்கும் அவள் இராமனுக்குக் கடித்துப் பார்த்துக் கொடுத்த இலந்தைப்பழம்தான் நினைவுக்கு வருகிறது. வால்மீகியில் அந்தக் காட்சியே கிடையாது. பம்பைக் கரையில் விளைந்ததை உனக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்கிறாள், அவ்வளவுதான். பின்னால் வந்த பக்தர்கள் சேர்த்த பழக்கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதையே பேசிப் பேசி, அவள் காத்துக் கிடந்த மதங்க முனிவரின் ஆசிரமத்தை மறந்துவிட்டோம். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

அங்கே வாடாத பூக்கள் இருந்தன. ஏன் வாடவில்லை என்பதை ஆரண்ய காண்டத்தில் இராமனுக்கு வழி சொல்லும் அரக்கன் கபந்தன் சொல்கிறான். குருவுக்காகக் காட்டிலிருந்து சுமை தூக்கி வந்த சீடர்களின் உடம்பிலிருந்து சொட்டிய வியர்வைத் துளிகள் அவை. சுமை தூக்கியவன் வியர்வை பூவானது என்று எழுத எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

அதே ஆசிரமத்தில் இரத்தத் துளிகளும் விழுந்தன. வாலி துந்துபி என்ற எருமை வடிவ அசுரனைக் கொன்று உடலைத் தூக்கி எறிந்தபோது தெறித்தவை. இனி வாலி இங்கே காலடி வைத்தால் உயிர் போகும் என்று மதங்கர் சபித்தார். அந்தச் சாபம்தான் சுக்ரீவனுக்கு ரிஷ்யமூக மலையில் அடைக்கலம் கொடுத்தது. இதுவரை பலருக்கும் தெரியும். சபிக்கும்போது மரங்களை முறித்துவிட்டானே என்றும் அவர் சொல்கிறார். வாலியின் ஆட்களும் வெளியேற வேண்டும், பிள்ளைபோலக் காத்த காட்டில் இலையையும் தளிரையும் அழிக்கிறார்கள் என்கிறார். தளிருக்காகக் கோபப்பட்ட முனிவர் அவர்.

ஹம்பியில் மதங்க மலை என்றே ஒரு மலை இருக்கிறது. விடியலுக்கு முன் இருட்டில் கல்படி ஏறினேன். வெளிச்சம் வந்ததும் கீழே அச்சுதராயர் கோயில், அந்தப் பக்கம் விரூபாட்சர் கோபுரம், அப்பால் துங்கபத்திரை. பம்பா சரோவரம் ஆற்றுக்கு அக்கரையில், ஆனெகுந்திப் பக்கம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் மதங்கர் பெயரைச் சொல்ல மாட்டார்களா என்று மனசு ஏங்கியது.

முனிவர்கள் எல்லோரும் மேலுலகம் போன பிறகும் சபரி ஒருத்தி அங்கே இருந்தாள். இராமன் வருவான், உபசரித்துவிட்டு வா என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அவன் வந்ததும், இந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று அவனே கேட்கிறான். கிழவி முன்னே நடக்கிறாள். இதோ அவர்கள் பூசித்த வேதி, அந்த வழிபாட்டு மேடை என்கிறாள். அப்புறம் மரக்கிளைகளைக் காட்டுகிறாள். நீராடிவிட்டு அவர்கள் காயப்போட்ட மரவுரிகள் இன்னும் ஈரமாகவே தொங்குகின்றன. எல்லாவற்றையும் காட்டி முடித்த பிறகுதான், நான் போகட்டுமா என்று கேட்கிறாள்.