சில்லு ஒன்றின் விட்டம்

கொட்டாஞ்சேனையில், ஆமர் வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் ரஞ்சன் பாஸின் கராஜ். கராஜ் என்றால் ஒரு தகரக் கூரை, வண்டி தூக்குகிற ஒரு ஜக், ஒரு ரேடியோ, ரேடியோவுக்கு மேல் பிள்ளையார். அவ்வளவுதான்.

சிவபாதம் மாஸ்டர் வெள்ளவத்தையிலிருந்து வந்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சேர்ட் பொக்கற்றில் இன்னும் ஒரு வெண்கட்டித் துண்டு கிடக்கும். ரஞ்சன் பாஸ் அவரிடம் படித்தவர். படித்தவர் என்று பள்ளிக்கூட இடாப்பு சொல்கிறது. வண்டி, 1984ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன். வெள்ளை.

மாஸ்டர் வடமராட்சிக்காரர், "ரயர்" என்பார். பாஸ் கொழும்பில் பிறந்தவர், "டயர்" என்பார். இதை எழுதுகிறவனும் கொழும்பில்தான் இருக்கிறான் என்பதால் எல்லா இடத்திலும் டயர்தான். மாஸ்டர் மன்னிக்க வேண்டும்.

பாஸ்: (வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு) சேர், வண்டி எங்கே?

மாஸ்டர்: இதுதானே தம்பி.

பாஸ்: நாலு டயர் தெரிகிறது. அதற்கு மேல் எதையோ வைத்திருக்கிறீர்கள்.

மாஸ்டர்: அலோய் வீல் போட்டு, அகல டயரும் போட்டேன். எப்படி இருக்கிறது?

பாஸ்: என் மகன் மூன்று வயதில் என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்த மாதிரி இருக்கிறது.

மாஸ்டர்: பகிடி விடாதே. ஒரு சத்தம் வருகிறது, அதைப் பார்.

பாஸ்: எப்போது வருகிறது?

மாஸ்டர்: இடப் பக்கம் திருப்பினால்.

பாஸ்: வலப் பக்கம் திருப்பினால்?

மாஸ்டர்: அப்போதும் வரும். ஆனால் அது வேறு சத்தம்.

பாஸ்: நேராகப் போனால்?

மாஸ்டர்: பள்ளத்தில் விழுந்தால் மட்டும்தான்.

பாஸ்: வெள்ளவத்தையிலிருந்து இங்கே வரும்வரை எத்தனை பள்ளம்?

மாஸ்டர்: அதை ஏன் கேட்கிறாய். பின்சீட்டில் ஆள் ஏறினாலும் வரும். அதனால் நான் யாரையும் ஏற்றுவதில்லை. போன கிழமை சம்பந்தியை ஓட்டோவில் அனுப்பிவிட்டு, நான் வண்டியில் பின்னாலே போனேன்.

பாஸ்: சம்பந்தி என்ன நினைத்திருப்பார்?

மாஸ்டர்: ஓட்டோக் காசை நான்தான் கொடுத்தேன்.

பாஸ்: சத்தம் எப்படி இருக்கும்?

மாஸ்டர்: ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டுகிற மாதிரி. கர்ர்ர்... கர்ர்ர்...

(பாஸ் குனிந்து மட்கார்டின் விளிம்புக்குள் விரலை விட்டார். வெளியே எடுத்தபோது விரல் முழுக்கக் கறுப்பு மா. ரப்பர் மா. உளுந்து அளவுக்கு நைசாகவே அரைந்திருந்தது.)

பாஸ்: இது யார் சொன்ன யோசனை சேர்? இந்த வண்டிக்கு என்ன குறை? 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது இந்த டிஎக்ஸ் வேகனை வாங்க எத்தனை பேர் உங்கள் வீட்டுப் படியேறி வந்தார்கள்.

மாஸ்டர்: குறை வண்டியில் இல்லை. ஒருநாள் பம்பலப்பிட்டியில் சிவப்பு விளக்கில் நிற்கிறேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் என் வண்டியைப் பார்த்தார். உடனே தொப்பியைக் கழற்றினார்.

பாஸ்: மரியாதை தெரிந்த மனுசன். உங்களிடம் படித்தவராக இருக்கும்.

மாஸ்டர்: அவர் என்னைப் பார்க்கவே இல்லை தம்பி. பின்கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

பாஸ்: ஓ.

மாஸ்டர்: நீளமான வெள்ளை வண்டி. நான் ஓட்டுவதும் ஆறுதலாக. சவம் ஏற்றுகிற மலர்ச்சாலை வண்டி என்று நினைத்துவிட்டார். அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த வண்டிக்குக் கொஞ்சம் இளமை வேண்டும் என்று. டயர் கடைக்குப் போனேன். "அங்கிள், அகலம் கூடக் கூட ரோட்டைப் பிடிக்கும்" என்றான் அங்கே நின்ற பொடியன்.

பாஸ்: பிடித்ததா?

மாஸ்டர்: பிடித்தது. நிறுத்திய இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. பவர் ஸ்டியரிங்கும் இல்லாத வண்டி. மரைன் டிரைவில் பார்க் பண்ணுவதற்குள் தோள்மூட்டு கழன்றுவிடுகிறது. தைலம் பூசிக்கொண்டுதான் வண்டி எடுக்கிறேன்.

பாஸ்: சரி, ஒரு சில்லைக் கழற்றுவோம். ஸ்பெயார் வீல் பழையதுதானே?

மாஸ்டர்: அதை மாற்றவில்லை. நாலு வாங்கவே காசு முடிந்துவிட்டது.

பாஸ்: நல்லதாய்ப் போயிற்று. ஐந்து பேரில் அவன் ஒருத்தன்தான் அப்பாவி.

(புதுச் சில்லையும் பழைய ஸ்பெயார் வீலையும் சீமெந்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார் பாஸ். ஒன்று கல்யாணத்துக்கு வந்த மாமா, மற்றது அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்த மருமகன்.)

பாஸ்: சேர், வெண்கட்டி இருக்கிறதா?

மாஸ்டர்: அது எப்போதும் இருக்கும்.

பாஸ்: டயரில் ஒரு கோடு போடுங்கள். தரையிலும் போடுங்கள். ஒரு சுற்று உருட்டுவோம்.

(உருட்டினார்கள். பாஸ் அளவு நாடாவைப் பிடித்தார். ஸ்பெயார் வீல் ஒரு சுற்றுக்குப் போன தூரம் 182 சென்ரிமீற்றர். புதியது 197.)

பாஸ்: ஒரு சுற்றுக்கு 15 சென்ரிமீற்றர் கூடப் போகிறது. இப்போது பக்கத்தில் இருக்கிற இலக்கத்தை வாசியுங்கள்.

மாஸ்டர்: இதில் 205/60 ஆர் 15. பழையதில் 155/80 ஆர் 13.

பாஸ்: முதல் இலக்கம் அகலம், மில்லிமீற்றரில். கடைசி இலக்கம் றிம், அங்குலத்தில். நடுவில் இருப்பது என்ன?

மாஸ்டர்: பொறு... அகலத்தில் இத்தனை வீதம் டயரின் பக்கச் சுவரின் உயரம். 155இல் 80 வீதம் 124. 205இல் 60 வீதம் 123. அட, சுவர் இரண்டிலும் ஒன்றுதான்! அப்படியென்றால் உயரம் கூடினது முழுக்க றிம்மால்தான். 13 அங்குலம் 330 மில்லிமீற்றர், மேலேயும் கீழேயும் சுவர் சேர்த்தால் விட்டம் 578. மற்றது 381, அதோடு 246... 627.

பாஸ்: எத்தனை வீதம் கூடியிருக்கிறது?

மாஸ்டர்: (மெதுவாக) எட்டரை வீதம் வருகிறது.

பாஸ்: மூன்று வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று நாங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம் சேர். இனி மீட்டரைப் பார்ப்போம். இந்த வண்டியில் மீட்டருக்குச் சில்லைத் தெரியாது. கியர்பொக்ஸிலிருந்து ஒரு கேபிள் வருகிறது. எத்தனை தரம் சுற்றியது என்று மட்டும் அது போய்ச் சொல்லும். ஒரு சுற்றுக்கு 182 என்றே மீட்டர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. மீட்டர் 60 காட்டினால் நீங்கள் 65இல் போகிறீர்கள்.

மாஸ்டர்: நான் 20க்கு மேல் போவதில்லையே.

பாஸ்: அப்படியென்றால் 21 முக்கால்.

மாஸ்டர்: பெற்றோலும் குடிக்கிறது தம்பி. முன்பு லீட்டருக்கு 11 கிலோமீற்றர் ஓடியது. இப்போது 9.

பாஸ்: 9 என்று சொன்னது யார்?

மாஸ்டர்: மீட்டர்.

பாஸ்: அந்த மீட்டர்தானே!

(மாஸ்டர் பல்ப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். ஒன்பதே முக்கால் வந்தது. மிச்சம் ஒன்றேகாலை மட்டும்தான் டயர் குடித்திருக்கிறது. அதை நினைத்து மாஸ்டர் சந்தோஷப்பட்டாரா, முப்பது வருடம் படிப்பித்ததை நினைத்து வெட்கப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. அட்டையை மட்டும் மடித்துப் பொக்கற்றில் வைத்தார்.)

பாஸ்: சேர், ஞாபகம் இருக்கிறதா? ஒன்பதாம் ஆண்டு, இரண்டாம் தவணைப் பரீட்சை. "சில்லு ஒன்றின் விட்டம் 70 சென்ரிமீற்றர். அது 100 தரம் சுழன்றால் செல்லும் தூரம் யாது?"

மாஸ்டர்: 220 மீற்றர். மனப்பாடம். நீ என்ன எழுதினாய்?

பாஸ்: "ரோட்டைப் பொறுத்தது" என்று எழுதினேன்.

மாஸ்டர்: ஓ, அது நீயா! ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேனே.

பாஸ்: இரண்டு புள்ளிக் கணக்கு. பூச்சியம் போட்டீர்கள். மொத்தம் 33. இரண்டு புள்ளி இருந்திருந்தால் 35, பாஸ். வீட்டில் அடி விழுந்திருக்காது.

மாஸ்டர்: இப்போது ஊரே உன்னைப் பாஸ் என்றுதானே கூப்பிடுகிறது.

(பாஸ் சிரிக்கவில்லை. துணியை எடுத்து டயரின் சேற்றைத் துடைத்தார்.)

பாஸ்: இந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3215.

மாஸ்டர்: விலையாக்கும் என்று நினைத்தேன்.

பாஸ்: பிறந்த தேதி. 2015ஆம் ஆண்டு 32ஆம் கிழமை. புதுசு என்றா விற்றார்கள்?

மாஸ்டர்: "புதுசு மாதிரி" என்றார்கள்.

பாஸ்: அந்த "மாதிரி"க்குள் எத்தனை வருடம் கிடக்கிறது பாருங்கள். இது உருளும்போது நீங்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில் வெண்கட்டி பிடித்துக்கொண்டிருந்தீர்கள். சுவரில் வெடிப்பும் வந்திருக்கிறது, தெரிகிறதா? நகத்தை வைத்துப் பாருங்கள், மாட்டும். பூ, அதுதான் மேலே இருக்கிற வெட்டு, தேய்ந்த அகல டயர் மழையில் இன்னும் மோசம். ஒல்லி டயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும். இது கொஞ்சம் வேகம் பிடித்தால் தண்ணீருக்கு மேலே ஏறிவிடும். அப்புறம் நீங்கள் ஸ்டியரிங் பிடிப்பதும் ஒன்றுதான், தேவாரம் பாடுவதும் ஒன்றுதான்.

மாஸ்டர்: மட்கார்ட் விளிம்பை உள்ளே மடித்துவிட்டால் சரிவராதா?

பாஸ்: வெளிப் பக்கத்தை மடிக்கலாம். உள்ளே ஸ்பிரிங் பிளேட் இருக்கிறதே, அதை எங்கே மடிக்கிறது? 50 மில்லிமீற்றர் அகலம் கூடினால் பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். இரண்டு பக்கமும் இடிக்கிறது. இளமை வந்ததா, அதையாவது சொல்லுங்கள்.

மாஸ்டர்: (தயங்கி) போன வெள்ளிக்கிழமை நாரஹேன்பிட்டிக்குப் போனேன்.

பாஸ்: சரி.

மாஸ்டர்: சத்தம் வரக்கூடாது என்று 20இல் போகிறேன்.

பாஸ்: 21 முக்கால்.

மாஸ்டர்: பொரளை தாண்டியதும் எனக்குப் பின்னால் ஒரு வான். ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு, முந்தாமல் வருகிறான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து வண்டி. எல்லாவற்றிலும் வெள்ளைக் கொடி.

பாஸ்: ஐயோ.

மாஸ்டர்: அவர்களுடைய வண்டி முன்னாலேயே போய்விட்டதுபோல. இடையில் நான் அகப்பட்டுக்கொண்டேன். கனத்தை மயானச் சுற்றுவட்டத்தில் பொலிஸ்காரர் மற்ற எல்லா வாகனத்தையும் நிறுத்திவிட்டு, எனக்கு மட்டும் கை காட்டுகிறார். நான் போக வேண்டியது மற்றப் பக்கம். ஆனால் அங்கே திருப்பினால் உளுந்து ஆட்டும். அத்தனை பேருக்கு முன்னால், அதுவும் செத்த வீட்டில், அந்தச் சத்தம் நன்றாக இருக்குமா?

பாஸ்: அதனால்?

மாஸ்டர்: திருப்பவில்லை. நேரே போனேன். கேட் திறந்திருந்தது.

(பாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிளேன்டீ கொண்டுவந்த பையனும் கோப்பையோடு அங்கேயே நின்றான்.)

மாஸ்டர்: வண்டி நின்றதும் நாலு பேர் ஓடி வந்து பின்கதவைத் திறந்தார்கள்.

பாஸ்: உள்ளே?

மாஸ்டர்: தேங்காய் மூட்டை. நாரஹேன்பிட்டியில் மகள் வீடு.

பாஸ்: ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையா?

மாஸ்டர்: ஒரு வயதானவர் தேங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆட்கள் நிறையப் பேர் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று கொண்டுவந்திருக்கிறார்" என்று மற்றவர்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு என்ன செய்வது? இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாஸ்: கொடுத்துவிட்டீர்களா!

மாஸ்டர்: இருபத்தைந்து தேங்காய். தேங்காய் விற்கிற விலையில். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

(இதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வேலை நடக்கவில்லை. பாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். விரலில் இருந்த ரப்பர் மா கன்னத்தில் அப்பியது.)

மாஸ்டர்: இப்போது என்ன செய்யலாம், அதைச் சொல்.

பாஸ்: பழைய இரும்பு றிம் நாலும் எங்கே?

மாஸ்டர்: மொட்டை மாடியில். ஒன்றுக்குள் மனைவி கற்றாழை நட்டிருக்கிறாள்.

பாஸ்: கற்றாழையைக் கிளப்பிக்கொண்டு வாருங்கள். றிம் நாலரை அங்குல அகலம் இருந்தால் 175/70 ஆர் 13 உட்காரும். கணக்குப் போடுங்கள்.

மாஸ்டர்: 175இல் 70 வீதம் 122.5. இரண்டு தரம் 245. அதோடு 330... 575! மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசம். மீட்டர் பொய் சொல்லாது.

பாஸ்: 20 மில்லிமீற்றர் அகலமும் கூடுகிறது. உங்கள் ஆசைக்கு அது போதும். பக்கத்தில் 82 T என்று இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். T என்றால் மணிக்கு 190 கிலோமீற்றர் வரை ஓடலாம்.

மாஸ்டர்: 190? இதை நுவரெலியாவிலிருந்து தள்ளிவிட்டாலும் வராதே.

பாஸ்: தேங்காய் ஏற்றாமல் தள்ள வேண்டும்.

மாஸ்டர்: சரி, கூலி எவ்வளவு?

பாஸ்: அதற்கு முதல் அந்த அட்டையைக் கொஞ்சம் எடுங்கள் சேர். ஒரே வண்டி, ஒரே மீட்டர். ஆனால் 100 தரம் சுழன்றால் எவ்வளவு தூரம் என்று எதை வைத்துச் சொல்லப் போகிறீர்கள்? காற்று இறங்கினால் ஒன்று, பூ தேய்ந்தால் ஒன்று, ஆள் ஏறினால் ஒன்று. நான் எழுதினது அவ்வளவு பிழையா?

(மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல்ப் பெட்டி அட்டையை விரித்து, பேனையை வாங்கி, கணக்குக்குக் கீழே ஒரு சரி போட்டார். பக்கத்தில் 33 கூட்டல் 2 என்று எழுதி, 35ஐச் சுற்றி ஒரு வட்டம். கையெழுத்தும் வைத்தார், தேதியோடு.)

மாஸ்டர்: போதுமா? இப்போது கூலியில் ஏதாவது குறைப்பாயா?

பாஸ்: குறைக்காமல்? இரண்டு கொடுத்தீர்கள், நானும் இரண்டு குறைக்கிறேன்.

மாஸ்டர்: இரண்டாயிரமா?

பாஸ்: இரண்டு ரூபாய், சேர்.