எச்சில் கிட்டில் நெகட்டிவ் வந்தால் மேமோகிராம் வேண்டாமா?

"வீட்டிலேயே எச்சில் கிட்டில் பிஆர்சிஏ பார்த்தேன், நெகட்டிவ். இனி மேமோகிராம் தேவையில்லை" என்று ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார், அதற்கு ஏகப்பட்ட லைக் வேறு. இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும் கூட. பிஆர்சிஏ என்பது, மாற்றம் இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணு; மேமோகிராம் என்பது மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே.

அமெரிக்காவில் 23அண்ட்மீ என்ற நிறுவனத்தின் எச்சில் கிட்டுக்கு 2018-ல் எஃப்டிஏ (அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி கொடுத்தது வெறும் 3 மரபணு மாற்றங்களைப் பார்க்கத்தான். அந்த மூன்றும் பெரும்பாலும் அஷ்கெனாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்கள்) காணப்படுபவை. 2023-ல் அது 44 ஆனது. ஆனால் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டிலும் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மாற்றங்கள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு! பத்துப் பக்கம் புரட்டிவிட்டு முழுப் புத்தகத்திலும் பிழையே இல்லை என்று சொல்கிற கதைதான்.

முழு மரபணுவையும் வரிசைப்படுத்தி நெகட்டிவ் வந்தாலுமே, மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். மிச்சமெல்லாம் இந்தச் சோதனைக்கு வெளியே. அதனால் மேமோகிராமை விடாதீர்கள். அம்மா, சித்தி, அத்தை யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். அப்பா வழியிலும் இது வரும், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கிட்டில் பாசிட்டிவ் வந்தாலும் மருத்துவ ஆய்வகத்தில் உறுதிசெய்யாமல் அறுவை சிகிச்சை வரை யோசிக்க வேண்டாம்.